பழைய டீசல் 4×4: ஸ்கார்பியோவா, சஃபாரி ஸ்டோர்மா? வாங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தாண்டிக்குடி, கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறை என்று மலைப்பக்கம் தோட்டமோ வீடோ வைத்திருப்பவர்கள் பலரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறார்கள். புது மஹிந்திரா தார், ஸ்கார்பியோ-என் வண்டிகளுக்குப் பட்ஜெட் எட்டாது. குடும்பத்தோடு ஏறிப் போக வேண்டும், மூட்டையும் ஏற்ற வேண்டும், மழையில் செம்மண் ஏற்றத்தில் சறுக்காமல் வீடு சேர வேண்டும். செகண்ட் ஹேண்ட் சந்தையில் தேடத் தொடங்கினால் கடைசியில் மிஞ்சும் பெயர்கள் பெரும்பாலும் இரண்டுதான்: எம்ஹாக் இன்ஜின் போட்ட மஹிந்திரா ஸ்கார்பியோ 4×4, டாடா சஃபாரி ஸ்டோர்ம் 4×4. (4×4 என்றால் நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் சக்தி போகும்; 4×2-இல் இரண்டுக்கு மட்டும்.)

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காகிதத்தில் ஸ்டோர்ம் மேலான வண்டி. ஆனால் நகரத்திலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கிறவருக்கு நான் ஸ்கார்பியோவைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். இந்த முடிவு எங்கே மாறும், எப்படிச் சோதித்து வாங்குவது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. உங்களுக்கு 4×4 உண்மையிலேயே தேவையா?

மலைச்சாலையில் ஏறுவதற்கு மட்டும் 4×4 தேவையில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் சாதாரணக் கார்கள் தினமும் ஏறி இறங்குகின்றன. தார் ரோடு முடிந்த பிறகு உள்ள கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் கேள்வி. அது கல் பாவிய பாதை என்றால், தரையிலிருந்து நல்ல உயரமும் நல்ல டயரும் உள்ள 4×2 ஸ்கார்பியோவே போதும். வாங்கும் விலையிலும் பராமரிப்பிலும் கணிசமாக மிச்சமாகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குழையும் மண் ஏற்றம் என்றால்தான் 4×4 தேவை. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். ஈரச் செம்மண் சரிவில், மூட்டை ஏற்றிய வண்டியை பிரேக் மிதித்து இறக்கினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் வழுக்கும். ஃபோர் எல்-இல் (நான்கு சக்கரங்களும் மிக மெதுவாக, அதிக வலுவோடு இழுக்கும் நிலை) முதல் கியர் போட்டு, கிளட்ச், பிரேக் இரண்டிலிருந்தும் காலை எடுத்துவிட்டால் இன்ஜினே நான்கு சக்கரங்களையும் பிடித்து, நடக்கிற வேகத்தில் வண்டியை இறக்கிவிடும். இந்த ஒரு வசதிக்காகவே 4×4 வாங்கலாம்.

2. எந்த வருட வண்டி, எந்த வேரியண்ட்?

இரண்டு வண்டியிலும் 2179 சி.சி. டீசல் இன்ஜின்தான். சிலிண்டர் விட்டம் 85 மி.மீ., ஸ்ட்ரோக் 96 மி.மீ. என்பதுகூட ஒன்றே. ஆனால் இன்ஜின்கள் வேறு வேறு. ஒன்றின் பார்ட்ஸ் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

ஸ்கார்பியோ 2002-இல் வந்தது. 2.2 லிட்டர் எம்ஹாக் வருவதற்கு முன்பு இருந்த 2.6 லிட்டர் வண்டிகள் இப்போது மிகவும் பழசு. அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. எம்ஹாக்கில் 120 குதிரைத்திறன். 2014-இல் புதிய சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வந்தது. பழையதைவிட வளைவுகளில் ஆட்டம் குறைந்த வண்டி அது. 2017 கடைசியில் எஸ்11 வேரியண்ட் வந்தபோது 140 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் இழுவை, ஆறு கியர் என்று முன்னேறியது. கைக்கு எட்டினால் 2014-க்குப் பிந்தைய வண்டியையே பாருங்கள்.

சஃபாரி ஸ்டோர்ம் 2012 அக்டோபரில் வந்து 2019-இல் நின்றது. தொடக்கத்தில் 140 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர். 2015 கடைசியில் வந்த வேரிகார் 400 இன்ஜினில் 156 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். இதன் இழுவை தனிரகம். ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு வால்பாறை ஏறும்போது இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையே தடுமாற வேண்டியதில்லை. நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக்; ஸ்கார்பியோவில் பின்பக்கம் டிரம். பின் இருக்கை அகலத்திலும் நீண்டதூரச் சவாரியிலும் ஸ்டோர்முக்குப் பக்கத்தில்கூட ஸ்கார்பியோ வராது. பதிலுக்கு எடை சுமார் இரண்டு டன், நீளமும் 4.6 மீட்டருக்கு மேல். தோட்டத்துக் குறுகல் பாதையில் வண்டியைத் திருப்பும்போது இந்த நீளம் உறுத்தும்.

பாதுகாப்பையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவுக்கு 2016-இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் பூஜ்ஜிய நட்சத்திரம்தான் கிடைத்தது. குடும்பத்துக்கான வண்டி என்றால், எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.-ஸும் உள்ள வேரியண்ட்டை மட்டும் பட்டியலில் வையுங்கள். சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

3. வண்டியைப் பார்க்கும் முன் மூன்று போன்கள்

இந்த ஒரு படியைத் தவற விடாதீர்கள். வாங்கிய பிறகு அழுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்கியிருப்பார்கள்.

முதல் போன் உங்கள் ஊருக்கு அருகில் உள்ள மெக்கானிக்குக்கு. "ஸ்கார்பியோ பார்ப்பீங்களா?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் பார்ப்போம் என்றுதான் சொல்வார்கள். "டிரான்ஸ்ஃபர் கேஸ் இறக்கி ஏத்தியிருக்கீங்களா? முன் ஆக்சில் சீல் மாத்தியிருக்கீங்களா?" என்று கேளுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. பதிலின் வேகத்திலேயே விஷயம் புரிந்துவிடும். இரண்டாவது போன் பார்ட்ஸ் கடைக்கு: ஃபோர் வீல் ஷிஃப்ட் மோட்டார் (வண்டியை 4×4-க்கு மாற்றும் மோட்டார்), முன் ஆக்சில் ஷாஃப்ட், கிளட்ச் செட் ஆகிய மூன்றுக்கும் விலை என்ன, எத்தனை நாளில் வரும்? மூன்றாவது, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு இதே மூன்று கேள்வி.

ஸ்கார்பியோவுக்கு சஸ்பென்ஷன் புஷ், பிரேக், கிளட்ச், ஹெட்லைட் எல்லாம் தாலுகா தலைநகரிலேயே கிடைக்கும். 2022-இல் அதே வண்டி ஸ்கார்பியோ கிளாசிக் என்ற பெயரில் தொடர்ந்ததால் பாடி, சஸ்பென்ஷன் சாமான்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கிளாசிக்கில் 4×4 கிடையாது. ஆகவே 4×4-க்கு மட்டுமே உரிய பாகங்களுக்கு ஸ்கார்பியோவிலும் காத்திருக்க நேரலாம். எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிடும் என்று புரோக்கர் சொல்வதில் பாதிதான் உண்மை.

ஸ்டோர்முக்கு இன்ஜின் சாமான் ஓரளவு கிடைக்கும். ஆரியா, ஜெனான் வண்டிகளிலும் இதே இன்ஜின் குடும்பம்தான். கதவு ரப்பர், சென்சார், பம்பர், லைட் போன்றவற்றுக்குத்தான் அலைச்சல். பல நேரம் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கழற்றிய சாமானைத்தான் தேட வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போது "சஃபாரி" என்று மட்டும் சொல்லாதீர்கள். 2021-இல் வந்த சஃபாரி முற்றிலும் வேறு வண்டி. "ஸ்டோர்ம்" என்று சொல்லி சேஸ் நம்பரையும் கொடுங்கள்.

2017-இல் இந்திய ராணுவம் 3,192 சஃபாரி ஸ்டோர்ம் வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. விற்பவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், வண்டி உறுதியானது. ஆனால் ராணுவத்துக்குச் சொந்தப் பட்டறையும் சாமான் கிடங்கும் இருக்கின்றன.

மூன்று போனுக்கும் தெளிவான பதில் வந்து, ஸ்டோர்ம் வேலை தெரிந்த மெக்கானிக்கும் அருகில் கிடைத்துவிட்டால் நான் முதலில் சொன்னதை மறந்துவிட்டு ஸ்டோர்மைத் தேடுங்கள். கோவை, மதுரை, திருச்சி மாதிரி நகரத்தில் குடியிருந்து வாரக் கடைசியில் மட்டும் மலைக்குப் போகிறவருக்கு அதுதான் நல்ல தேர்வு.

4. ஆர்.சி. புக்கை முதலில், வண்டியைப் பிறகு

விற்பவரிடம் ஆர்.சி. நகலை வாங்கி மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் சரிபாருங்கள். எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் நிலுவை, இன்ஷூரன்ஸ் தேதி, அபராதம் எல்லாம் பார்க்கலாம். ஃபைனான்ஸ் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் நீக்காமல் விட்டிருப்பார்கள். வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் கையில் வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்றவர் பெயரில் உள்ள இன்ஷூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

சொந்த வண்டிக்கு ஆர்.சி. 15 ஆண்டுக்கு. அதன்பின் எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து 15 வயது தாண்டிய காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. 2012-இல் பதிவான ஸ்டோர்முக்கு 2027-இல் இந்தச் செலவு வரும். விலை பேசும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலை மிகவும் குறைவாக, வண்டி பளபளவென்று இருந்தால் பதிவெண்ணைப் பாருங்கள். டெல்லி சுற்றுவட்டாரத்தில் பத்து வயது தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதிலிருந்து அந்தப் பக்கத்து வண்டிகள் தெற்கே நிறைய வருகின்றன. கடல் உப்பு படாத வண்டி என்பதால் அடிப்பகுதி சுத்தமாக இருக்கும் என்பது நிஜமான லாபம். ஆனால் என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். அந்தத் தொகையை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விலை பேசுங்கள்.

5. வண்டி முன் நிற்கும்போது

காலையில் போங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் காரணம் இருக்கிறது. வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

குளிர்ந்த இன்ஜின் முதல் சாவியிலேயே எடுக்க வேண்டும். முதலில் கொஞ்சம் புகை வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் இன்ஜெக்டரோ ஹெட் கேஸ்கெட்டோ. முழு ஆக்சிலரேட்டரில் கரும்புகை கக்கினால் டர்போ, ஹோஸ், ஈ.ஜி.ஆர். (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு) பக்கம் பாருங்கள். சூடான பிறகு ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறந்து அந்தத் துளையின் மேலே லேசாக வைத்துப் பாருங்கள். சற்றே துடிப்பது இயல்பு. மூடி தூக்கி எறியப்படுகிற அளவு காற்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

எம்ஹாக்கில் ஸ்டார்ட் ஆனதும் முன்பக்கம் சங்கிலி உரசும் சத்தம் நீடிக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டோர்மில் கிளட்சைக் கவனியுங்கள். இரண்டு டன் எடையை ஏற்றத்தில் பாதிக் கிளட்சில் நிறுத்தி நிறுத்தி ஓட்டியிருந்தால் அது சீக்கிரம் போயிருக்கும். நான்காம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் எகிறி, வண்டி எகிறவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது.

ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக்கை உடன் அழைத்துப் போனால் கொடுக்கும் கூலி வீண் போகாது. வண்டியின் கணினியில் பதிவாகியுள்ள கோளாறுகளும் இன்ஜெக்டர்களின் நிலையும் அதில் தெரியும். மீட்டர் கிலோமீட்டரை நான் பெரிதாக நம்புவதில்லை. பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தோல், டிரைவர் சீட்டின் ஓரம் ஆகிய மூன்றும் சொல்வதே உண்மைக்கு அருகில் இருக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்றும் பார்க்க வேண்டும். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும், கேரளத்தில் 2018 ஆகஸ்ட்டிலும் மூழ்கிய வண்டிகள் பல கை மாறியிருக்கின்றன. எல்லா சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மண் கோடு இருந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது. வண்டியைக் கழுவியவர்கள் சீட் பெல்ட்டின் அடிவரை இழுத்துக் கழுவ மாட்டார்கள்.

6. அடியில் படுத்துப் பார்ப்பது

டார்ச்சோடு கீழே படுங்கள், அல்லது சர்வீஸ் ஸ்டேஷன் லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். முதல் வேலை, முன் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இருக்கிறதா என்று பார்ப்பது. 4×4 ஸ்டிக்கர் ஒட்டிய 4×2 வண்டியும் சந்தையில் உண்டு. சத்தம் வருகிறதென்று முன் ஷாஃப்டைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு ஓட்டிய வண்டியும் உண்டு.

பிறகு சேஸ். இரண்டுமே ஏணிச் சட்டம் போன்ற சேஸ் மீது பாடி அமர்ந்த வண்டிகள். சேஸ் நன்றாக இருந்தால் மற்றதை மாற்றிக்கொள்ளலாம். சேஸ் போனால் வண்டியே போச்சு. வெல்டிங் தழும்பு, நெளிவு, புதிதாக அடித்த கறுப்புப் பெயின்ட் ஆகியவற்றைத் தேடுங்கள். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டு துரு உதிர்ந்தால் எழுந்துவிடுங்கள். தூத்துக்குடி, நாகை, சென்னைக் கடலோர வண்டிகளில் பின் சஸ்பென்ஷன் சேருமிடத்தைக் கூடுதலாகத் தட்டிப் பாருங்கள். ஸ்டோர்மில் ஸ்டெப்னி அடியில் தொங்குவதால் அதற்கு மேலே உள்ள தகடு கண்ணில் படாது. டயரை இறக்கிவிட்டுப் பாருங்கள்.

முன் ஆக்சிலின் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா? டிஃபரன்ஷியல் (திரும்பும்போது இரு பக்கச் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் பெட்டி) ஆயிலில் ஒரு துளி எடுத்து விரலில் தேயுங்கள். மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, பேரிங்குகளும் பாதிக்கப்பட்டிருக்கும்.

7. 4×4 உயிரோடு இருக்கிறதா?

இந்த வண்டிகளில் பெரும்பகுதி நகரத்திலேயே ஓடி, 4×4 சுவிட்ச் தொடப்படாமலே வயதானவை. பயன்படுத்தாத ஷிஃப்ட் மோட்டாரும் லாக் அமைப்பும் இறுகிப்போகும். இரண்டு வண்டியிலும் சுவிட்சைத் திருப்பி, தேவைப்படும்போது மட்டும் 4×4-க்கு மாற்றும் பார்ட் டைம் அமைப்புதான். முன், பின் ஆக்சில்களுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் காய்ந்த தார் ரோட்டில் 4×4 போட்டுத் திருப்பினால் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். மண் தரைக்கு ஓட்டிப் போங்கள்.

மெதுவாக ஓடிக்கொண்டே ஃபோர் ஹெச் (சாதாரண வேகத்துக்கான நான்கு சக்கர இழுவை) போடுங்கள். விளக்கு சில விநாடி மினுக்கி நிலையாக எரிய வேண்டும். மினுக்கிக்கொண்டே இருந்தால் பற்றவில்லை. விளக்கு எரிந்ததை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, நடை வேகத்தில் ஒரு வட்டம் அடியுங்கள். முன்பக்கம் கட்டிப் பிடிப்பது போல் வண்டி முரண்டினால் நான்கும் இழுக்கின்றன. டூ ஹெச்-இல் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) திரும்புவது போலவே இலகுவாகத் திரும்பினால் முன் சக்கரத்துக்குச் சக்தி போகவில்லை.

இன்னும் உறுதி வேண்டுமென்றால், ஃபோர் ஹெச் பற்றிய நிலையிலேயே சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஒரே ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றுங்கள். சிறு ஆட்டம் தவிர அசையக்கூடாது. சுற்றினால் 4×4 வேலை செய்யவில்லை.

அடுத்து ஃபோர் எல். வண்டியை முழுதாக நிறுத்தி, கிளட்ச் மிதித்து, நியூட்ரலில் வைத்துத்தான் மாற்ற வேண்டும். முதல் கியரில் ஆக்சிலரேட்டர் இல்லாமலே ஓர் ஏற்றத்தில் ஏறச் சொல்லுங்கள். கடகடவென்று சத்தமோ, கியர் தானாக நழுவுவதோ இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் வேலை காத்திருக்கிறது. நான்கு டயரும் ஒரே அளவிலும் கிட்டத்தட்ட ஒரே தேய்மானத்திலும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இரண்டு புதுசு, இரண்டு மொட்டை என்று 4×4-இல் ஓட்டிய வண்டிக்குள் தேய்மானம் அதிகமாக இருக்கும்.

8. விலையும் அதன் பிறகும்

கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக்கிடம் செலவைக் கேட்டு எழுதி, அந்தத் தாளோடு பேசுங்கள். "டாக்டர் ஓட்டிய வண்டி" என்ற பேச்சுக்கு விலை கொடுக்க வேண்டாம். சர்வீஸ் பில்களுக்குக் கொடுக்கலாம். கையில் உள்ள மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருட வேலைக்கு ஒதுக்கிவிட்டு மீதியில்தான் வண்டி தேட வேண்டும். 4×4 மட்டும் வேலை செய்யாமல் மற்றதெல்லாம் நன்றாக இருந்தால், 4×2 விலைக்குத் தருகிறாரா என்று கேளுங்கள். அந்த விலைக்கும் பழுது செலவுக்கும் சேர்த்துக் கட்டுப்படியானால் எடுக்கலாம்.

ஒரே விலைக்கு நல்ல ஸ்டோர்மும் சுமாரான ஸ்கார்பியோவும் முன்னால் நின்றால் ஸ்டோர்மையே எடுங்கள். பராமரித்த வண்டிதான் முக்கியம். ஸ்கார்பியோவுக்குத் தேவை அதிகம் என்பதால் சந்தையில் அதே வயது ஸ்டோர்ம் பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும். இரண்டும் சமமாக நன்றாக இருந்தால், மூன்று போனில் வந்த பதிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வாங்கிய முதல் வாரத்தில் இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் டிஃபரன்ஷியல் எல்லாவற்றிலும் ஆயிலை மாற்றிவிடுங்கள். பழைய ஓனர் எப்போது மாற்றினார் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பெல்ட், பிரேக் ஆயிலும் அப்படியே. அதன்பின் மாதம் ஒருமுறை, மழையோ வெயிலோ, மண் தரையில் ஃபோர் ஹெச்சும் ஃபோர் எல்லும் போட்டுச் சில நூறு மீட்டர் ஓட்டுங்கள்.